மாட்டை வைத்திருப்பதா, மாற்றுவதா: கறவைக் கணக்குப் போடும் முறை

பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பாகூர், திருபுவனை போன்ற வட்டாரங்களில் இரண்டு முதல் ஆறு மாடுகள் வரை வைத்துக்கொண்டு ஆவினுக்கோ புதுச்சேரியின் பாண்லே கூட்டுறவுப் பால் சங்கத்துக்கோ பால் ஊற்றும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் குடும்பங்களில் மாட்டை வாங்கும் நாளில் நடக்கும் யோசனையில் பாதிகூட, அதை விற்கலாமா என்ற கேள்வி எழும்போது நடப்பதில்லை. 'அறுபதாயிரம் கொடுத்துப் பிடித்த மாட்டை இருபத்தைந்துக்கு எப்படித் தள்ளுவது?' என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. கொடுத்த அறுபதாயிரம் திரும்பி வரப்போவதில்லை. மாட்டை வைத்துக்கொண்டாலும் வராது, விற்றாலும் வராது. எனவே கணக்கில் இரண்டு தொகைகளுக்கு மட்டுமே இடம் உண்டு: இந்த மாடு இன்று சந்தையில் என்ன விலைக்குப் போகும், இனி வரும் ஓராண்டில் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் தரும்.

கீழே வரும் விலைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் சங்கம் தரும் விலையையும் உங்கள் தீவனச் செலவையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

ஜெர்சி கலப்பு மாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பால் விலை லிட்டருக்கு ரூ.35; அடர்தீவனம் கிலோ ரூ.30. உடலைத் தாங்குவதற்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் என்பது நடைமுறையில் உள்ள அளவு. பசுந்தீவனம், வைக்கோல், மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடி எல்லாம் சேர்த்து நாளுக்கு ரூ.70 என்று வைத்துக்கொள்வோம். சொந்த நிலத்தில் விளைந்த புல்லுக்கும், விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையைப் போட்டே ஆகவேண்டும்.

அப்படியானால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் மாடு நிற்பதற்கே நாளுக்கு ரூ.115 ஆகிறது. லிட்டருக்கு ரூ.35 வருவதில் அந்த லிட்டருக்கான தீவனம் ரூ.12 போக ரூ.23 மிஞ்சுகிறது. ஐந்து லிட்டர் கறந்தால் 115 வந்து 115 போகிறது. பத்து லிட்டர் கறக்கும் நாளில் ரூ.115 மிச்சம், நான்கு லிட்டர் கறக்கும் நாளில் ரூ.23 நட்டம். வற்றிய மாட்டுக்கு இரண்டு கிலோ அடர்தீவனம் கொடுத்தால் நாளுக்கு ரூ.130 கையிலிருந்து போகிறது. இந்த ஐந்து லிட்டர் என்ற எல்லை உங்கள் வீட்டில் நான்காக இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கும் வீட்டில் அது மேலேதான் இருக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு எந்த முடிவையும் எடுக்க முடியாது.

இனி ஓராண்டு. இந்த மாடு 300 நாளில் 2,400 லிட்டர் கறக்கிறது, 60 நாள் வற்றுக்காலம் என்று கொண்டால், பால் மிச்சம் ரூ.55,200; அதில் 300 நாள் நிற்கும் செலவு ரூ.34,500 போக ரூ.20,700. வற்றுக்காலச் செலவு ரூ.7,800-ஐயும் கழித்தால் ரூ.12,900, அதாவது நாளுக்குச் சராசரி ரூ.36. கன்றின் விலையும் எருவும் மருத்துவச் செலவுக்கும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) செலவுக்கும் ஏறக்குறைய ஈடாகிவிடும் என்று இரண்டையும் விட்டுவிட்டேன். வீட்டார் உழைப்புக்குக் கூலி போடவில்லை. போட்டால் பல வீடுகளில் கணக்கு இங்கேயே நின்றுவிடும்.

வெறும் நாளின் விலை

மாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 85 நாளுக்குள் சினை பிடிக்க வேண்டும். ஈன்று இரண்டு மாதம் வரை கருப்பைக்கு ஓய்வு தேவை என்பதால், 60-ஆவது நாளுக்கும் 85-ஆவது நாளுக்கும் இடையே கிடைப்பது, 21 நாள் சுழற்சியில், ஒரு பருவம் (மாடு சினை பிடிக்கத் தயாராகும் வேளை) அல்லது இரண்டு பருவம்தான். அதற்குப் பிறகு சினையில்லாமல் கழியும் ஒவ்வொரு நாளும் வெறும் நாள்.

அந்த வெறும் நாளுக்கு விலை உண்டு. ஒரு பருவம் தவறினால் அடுத்த ஈத்து 21 நாள் தள்ளிப் போகிறது. அந்த நாள்கள் கறவையின் கடைசியில், மாடு நான்கு லிட்டரில் நிற்கும்போது வந்து சேர்ந்தால், நாளுக்கு ரூ.23 நட்டமும், அந்த நாளில் கிடைத்திருக்க வேண்டிய சராசரி மிச்சம் ரூ.36-உம் சேர்ந்து ரூ.59 போகிறது, 21 நாளுக்கு ரூ.1,239. மாடு முற்றிலும் வற்றிய பிறகு அந்த நாள்கள் வந்தால் நாளுக்கு 130-உம் 36-உம் சேர்ந்து ரூ.166, ஒரு பருவத்துக்கு ரூ.3,486. சினை ஊசிக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கி அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் இந்த இரண்டு தொகைகளையும் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைக்கலாம்.

பருவத்தைத் தவறவிடுவதற்கு முக்கியக் காரணம் யாரும் பார்க்காததுதான். பருவக் குறிகள் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் தெரிகின்றன. பகலில் கட்டிக் கிடக்கும் மாட்டில், அதுவும் வெயில் மாதங்களில், கத்தல்கூட இல்லாமல் ஊமைப் பருவமாக வந்து போய்விடும். விடிகாலையில் சாணம் அள்ளுவதற்கு முன், மாடு படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். தரையிலோ வாலின் அடியிலோ பின்தொடையிலோ கண்ணாடிபோல் தெளிவாக, அறுபடாமல் நீளும் ஒழுக்கு இருந்தால் மாடு பருவத்தில் இருக்கிறது. அது கலங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கருப்பையில் புண் இருக்கலாம்; அன்று ஊசி போடாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்குடன் ஒரு சுற்றுச் சுற்றிவரும் வீடுகளில் ஊசி எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் காணலாம்.

ஊசி போட்ட 60 முதல் 75 நாளுக்குள் மருத்துவரைக் கொண்டு சினைப் பரிசோதனை செய்வது மிகவும் அவசியம். மறுபடி பருவத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் நம்பி, ஐந்தாம் மாதம் வயிறு பெருக்காததைக் கண்டு பிறகு பரிசோதிப்பவர்கள் எண்பது வெறும் நாளை இழக்கிறார்கள். குறைந்த கணக்கில் பார்த்தாலும் ரூ.4,720. ஸ்கேன் வசதி உள்ள இடத்தில் ஒரு மாதத்திலேயே சினை தெரிந்துவிடும்.

இந்தக் கடற்கரைப் பகுதிக்கு மட்டும் உரிய ஒரு யோசனையும் உண்டு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளமும் என, நம் பெரிய சேதங்கள் வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியில் வந்தவை. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை சினை பிடிக்கும் மாடு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், சேறும் கொசுவும் மடிநோயும் மிகுந்த காலத்தில் ஈனும். மார்ச் பிற்பகுதியில் பிடித்தால் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் ஈன்று, குளிரும் பசும்புல்லும் இருக்கும் வாரங்களில் உச்சக் கறவையைத் தொடும். ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு கத்திரி வெயிலும் கடல் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து சினை பிடிக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே தொழுவம் தாழ்வான இடத்தில், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மட்டும் ஒரு பருவத்தைத் தெரிந்தே தள்ளிப் போடலாம். அதற்கு விலை ரூ.1,239 என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மேட்டில் தொழுவம் உள்ளவர்கள் காத்திருப்பதில் பொருளில்லை.

ஊசி நிற்காத மாடு

மூன்று முறைக்கு மேல் ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டை உடனே மலடு என்று முத்திரை குத்தக் கூடாது. ஊசி போட்ட நேரம் தவறா, மாடு மெலிந்திருக்கிறதா, தாது உப்புக் கலவை கொடுக்கப்படுகிறதா, கருப்பையில் அழற்சி இருக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் பாதி மாட்டின் குற்றமே அல்ல. குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ ஒருமுறை கொண்டுபோய்க் காட்டும் செலவு வீண் போகாது. அதன் பிறகும் நிற்கவில்லை என்றால்தான் கணக்கு.

ஒரு மாட்டைப் பார்ப்போம். நான்காம் ஈத்து, ஈன்று 240 நாள் ஆகிவிட்டது, சினையில்லாத வெறும் மாடு, ஐந்து லிட்டரில் நிற்கிறது. இன்று விற்றால் ரூ.24,000. இன்றே ஊசி போட்டு, இன்றே சினை பிடிக்கிறது என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த 60 நாள் வரவும் செலவும் சரியாகப் போகும். பிறகு வற்றிவிடும், ஈனுவதற்கு இன்னும் 220 நாள் இருக்கும். ஈன்றவுடன் அந்த மாடு ரூ.45,000 பெறும். அதாவது காத்திருப்பதால் கூடும் மதிப்பு ரூ.21,000.

தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கும் வீட்டில் 220 வற்று நாளுக்கு ரூ.28,600 ஆகிறது. கிடைப்பது 21,000, நட்டம் ரூ.7,600. அதே மாடு கெடிலம் ஆற்றங்கரையிலோ அறுவடை முடிந்த வயலிலோ மேய்ந்து, வெட்டு நடக்கும் கரும்புக் கொல்லையிலிருந்து தோகையும் கிடைத்து, கையிலிருந்து நாளுக்கு ரூ.50 மட்டும் செலவாகும் வீட்டில் 220 நாளுக்கு ரூ.11,000. அங்கே மிச்சம் ரூ.10,000, மாட்டில் முடங்கியுள்ள பணத்துக்கு வட்டி கழித்தாலும் எட்டாயிரத்துக்கு மேல் நிற்கும். மாடு ஒன்றுதான், வயதும் ஒன்றுதான், பாலும் ஒன்றுதான். ஒரு வீட்டில் விற்க வேண்டும், இன்னொரு வீட்டில் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக வைத்திருப்பதும், அவர் விற்றார் என்பதற்காக விற்பதும் இதனால்தான் பொருந்துவதில்லை. இந்தக் கணக்கு இன்றே சினை பிடிக்கும் என்று கொண்டது. நிற்காமல் போகும் ஒவ்வொரு பருவமும் மேய்ச்சல் வீட்டின் மிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

விற்பது என்று முடிவானாலும் அன்றே கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை. ஏழு லிட்டர் கறக்கும் வெறும் மாடு நாளுக்கு ரூ.46 தந்துகொண்டிருக்கிறது. உச்சத்துக்குப் பிறகு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில் பால் குறையும் என்பதால், ஐந்து லிட்டரைத் தொட மூன்று மாதம்போல் ஆகும். ஊசி போடுவதை நிறுத்திவிட்டு அதுவரை கறந்து, உடல் தேறியிருக்கும்போதே விற்பது நல்லது. தொழுவத்தில் இடம் இல்லாமல் புதிய மாடு காத்திருந்தால் மட்டும் முன்னதாகவே அனுப்பலாம். வெள்ளிக்கிழமை மாட்டை வெளியே அனுப்ப மாட்டோம் என்ற வழக்கத்தால் ஒரு நட்டமும் இல்லை. 'பொங்கல் கழியட்டும், ஆடி கழியட்டும்' என்று மாதங்களைத் தள்ளுவதில்தான் நட்டம்.

சினையாக உள்ள வயதான மாடு

இங்கே பலர் எதிர்த் திசையில் தவறுகிறார்கள். வயதாகிவிட்டது என்பதற்காகவே நல்ல மாட்டை மாற்றிவிடுகிறார்கள். ஆறாம் ஈத்துக்குச் சினையாக இருக்கும் மாடு இன்று ரூ.25,000, அடுத்த ஆண்டு ரூ.20,000 பெறும் என்றால், விலைச் சரிவு ரூ.5,000-உம் ஒன்பது விழுக்காடு வட்டி ரூ.2,250-உம் அதன் ஆண்டுச் செலவு. 2,400 லிட்டர் கறந்தால் 12,900-இல் 7,250 போக ரூ.5,650 நிற்கிறது.

புதிய மாடு ரூ.60,000-க்கு வாங்கி, ஐந்து ஆண்டு வைத்து, ரூ.20,000-க்கு விற்கப்படுகிறது என்று கொண்டால், ஆண்டுத் தேய்மானம் ரூ.8,000, சராசரி முதல் ரூ.40,000-க்கு வட்டி ரூ.3,600, ஆக ரூ.11,600. அதுவும் 2,400 லிட்டர்தான் கறக்கும் என்றால் மிஞ்சுவது வெறும் ரூ.1,300. 3,000 லிட்டர் கறந்தால் ரூ.15,100. பழைய மாட்டுக்குச் சமமாக நிற்கவே புதிய மாடு ஏறக்குறைய 2,590 லிட்டர் கறந்தாக வேண்டும். கூடுதலாக 190 லிட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் ஈத்து மாடு தன் முழுக் கறவையில் முக்கால் பங்கு அளவில்தான் கொடுக்கும்; மூன்றாம் ஈத்துக்குப் பிறகே உச்சத்துக்கு வரும். பழைய மாட்டின் பால் கண்ணால் பார்த்தது, புதிய மாட்டின் பால் தரகர் சொன்னது என்பதையும் சேர்த்துக்கொண்டால், தெளிவாக ஐந்நூறு லிட்டர் கூடும் என்ற நம்பிக்கை இல்லாமல் சினை மாட்டை மாற்றக் கூடாது என்பது என் கருத்து.

இதற்கு விலக்குகள் உண்டு. இரண்டு காம்பு செத்த மாடு, ஒவ்வொரு ஈத்திலும் மடிநோய் வரும் மாடு, கருச்சிதைவு நோய் (புருசெல்லோசிஸ்) உறுதியான மாடு ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. கருச்சிதைவு நோய் மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் அதில் மருத்துவர் சொல்வதே முடிவு. அப்படிப்பட்ட மாட்டை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது சரியல்ல.

கிடாரி வளர்ப்பதா, வாங்குவதா

ஒரு கிடாரியைப் பிறந்தது முதல் 30 மாதத்தில் ஈனும் வரை வளர்க்க, நாளுக்குச் சராசரி ரூ.45 வீதம் 900 நாளுக்கு ரூ.40,500-உம், கன்றுக்கு விட்ட 200 லிட்டர் பாலுக்கு ரூ.7,000-உம் சேர்ந்து ரூ.47,500 ஆகும். வாங்குவதைவிடச் சற்று மலிவு. ஆனால் தீவனம் குறைந்து, முதல் ஈத்து 36 மாதத்துக்குத் தள்ளினால் இன்னும் ரூ.8,100 கூடி அந்த ஆதாயம் பெரும்பாலும் கரைந்துவிடும். ஜெர்சி கலப்புக் கிடாரிக்கு வயதைவிட எடைதான் கணக்கு. 225 முதல் 250 கிலோ வந்தவுடன் ஊசி போடலாம்.

எல்லா மாட்டின் கிடேரிக் கன்றையும் வளர்ப்பது அவசியமில்லை. ஐந்து மாட்டில் ஆண்டுக்கு ஒன்று கழிகிறது என்றால் ஆண்டுக்கு ஒரு கிடாரி போதும். இறப்பையும் மலட்டையும் எண்ணி இரண்டை வளர்க்கலாம். ஆகவே நன்றாகக் கறக்கும், எளிதில் சினை பிடிக்கும் இரண்டு மாட்டைத் தேர்ந்து, அவற்றுக்குப் பாலினம் பிரித்த உறைவிந்தைப் போடலாம். அதில் பத்துக்கு ஒன்பது கன்று கிடேரியாக இருக்கும். ஆனால் சாதாரண உறைவிந்தைவிடச் சினை பிடிக்கும் வாய்ப்பு குறைவு என்பதால், ஏற்கெனவே இரண்டு முறை ஊசி நிற்காத மாட்டுக்கு அதைப் போடுவது பணத்தையும் பருவத்தையும் சேர்த்து இழப்பது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி கலப்பும், மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பும் என்பது இனப்பெருக்கக் கொள்கை. பால் அதிகம் என்பதற்காக நம் கடற்கரை வெக்கையில் ஹோல்ஸ்டீன் இரத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சிரைப்பும் ஊமைப் பருவமும் சேர்ந்து வரும். சங்கம் கொழுப்புக்கும் இதர சத்துக்கும் பார்த்து விலை போடுவதால் லிட்டர் கூடுவதெல்லாம் வருமானமாகவும் ஆகாது.

வாங்குவது என்று முடிவானால், செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போவதற்கு முன் சொந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும் விசாரியுங்கள். ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டில் சங்கத்துப் பால் அட்டையை வாங்கிப் பார்த்தால், அந்த மாடு மாதம் மாதம் எவ்வளவு ஊற்றியது என்பது அதிலேயே இருக்கும். எந்தத் தரகரின் சத்தியத்தையும்விட அது மேல். சந்தையில் வாங்கினால் காலையில் பெருத்த மடியைப் பார்த்து மயங்கக் கூடாது. முந்தைய வேளை கறக்காமல் விட்டாலே மடி அப்படி நிற்கும். அடுத்தடுத்து இரண்டு வேளை நீங்களே கறந்து பாருங்கள். நான்கு காம்பிலும் முதல் பீச்சலை உள்ளங்கையில் வாங்கித் திரிதிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பல்லைப் பிடித்துப் பாருங்கள். எட்டுப் பல்லும் முளைத்த மாட்டின் வயதைப் பல் தேய்மானத்தைக் கொண்டு மட்டுமே ஊகிக்க முடியும் என்பதால், 'மூன்றாம் ஈத்து' என்ற பேச்சுக்கு அங்கே விலையைக் குறைத்தே கொடுக்க வேண்டும். சினை மாடு என்றால் மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகே மீதிப் பணம் தருவது என்று பேசிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த மாட்டை மூன்று வாரம் தனியே கட்டி, கருச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனையும் கோமாரித் தடுப்பூசியும் முடிந்த பிறகே மற்ற மாடுகளோடு விட வேண்டும். காப்பீட்டுக்கான காதுவில்லையை அந்த வாரத்திலேயே போட்டு, வில்லை எண்ணையும் ஈன்ற தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் பிறந்த கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை போடும் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் தாண்டிவிட்டால் போட மாட்டார்கள்.